வாச்சாத்தியிலிருந்து பர்கூர் மலை வரை: ஐந்து நாள் பயணக் குறிப்பு

முதல் நாள், அரூர்

சேலத்தில் ஏறிய பேருந்து மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டும்போதே இருட்டிவிட்டது. இடப்பக்கம் சேர்வராயன் மலை, வலப்பக்கம் சித்தேரி மலை. இரண்டும் கறுப்பாகத் தெரிந்தன. சித்தேரி மலையில் மட்டும் எங்கோ உயரத்தில் ஒரே ஒரு விளக்கு. அரூரில் இறங்கி அறை எடுத்து, இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எதற்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லில் ஒரு பத்திர எழுத்தரிடம் பதினான்கு வருஷமாக வேலை பார்க்கிறேன். கொல்லிமலைக்காரர்கள் அடிக்கடி வருவார்கள். போன மாதம் வந்த ஒரு பெரியவர், வந்த வேலை முடிந்த பிறகும் போகாமல் நின்றார். "தம்பி, எங்க சம்பந்தி வூடு பர்கூர் மலையில இருக்குது. நாங்களும் மலையாளி, அவங்களும் மலையாளி. பொண்ணு குடுத்து எடுக்கறோம். என் பேரனுக்குப் பழங்குடிச் சான்று இருக்குது, அவங்க பேரனுக்குக் கெடையாதுங்கறாங்க. இது எப்படிப்பா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்று ராத்திரி பழங்குடிகள் பட்டியலை எடுத்துப் படித்தேன். தமிழ்நாட்டுக்கான பட்டியலில் 37 இனங்கள். பெரும்பாலானவற்றுக்குப் பெயர் மட்டும்தான். மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களும் இருக்கின்றன: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. ஆறே மாவட்டம். கொல்லிமலை பழைய சேலத்தில் அடங்கிவிடும். அதில் ஈரோடு இல்லை. பர்கூர் மலை இருப்பது ஈரோட்டில்.

இவர்களுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்கிறவர் மலையாளி. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர் மலைக்கொருவராகப் பிரிந்து குடியேறினார்கள், அவர்கள் வழிவந்தவர்கள் நாங்கள் என்று தங்கள் கதையைச் சொல்வார்கள். பேசுவது தமிழ்தான்.

அந்த ஆறு மாவட்டத்தில் ஒன்றையும், அதற்கு வெளியே இருக்கிற ஈரோட்டையும் நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். மலையாளிப் பழங்குடி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்த ஊர் வாச்சாத்தி. நாளை அங்கே.

இரண்டாம் நாள், வாச்சாத்தி

காலையிலேயே பேருந்து கிடைத்தது. சித்தேரி மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். மாசி மாதம், புளி உலுக்குகிற காலம். வழியெல்லாம் மரத்தடியில் சாக்கு விரித்திருந்தார்கள்.

1992 ஜூன் 20. அன்று நடந்ததை என் வயதுக்காரர்கள் பலர் செய்தித் தலைப்பாக மட்டுமே அறிவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். போவதற்கு முன் உட்கார்ந்து படித்தேன். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து 269 பேர் ஊருக்குள் இறங்கினார்கள். ஆண்கள் பெரும்பாலும் மலைக்கு ஓடிவிட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் வயதானவர்களையும் ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வு செய்யப்பட்டார்கள், அதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் உண்டு. வீடுகளை இடித்தார்கள், ஆடு கோழியைத் தின்று தீர்த்தார்கள், தானியத்தில் கண்ணாடித் துண்டைக் கலந்தார்கள், கிணற்றில் டீசலை ஊற்றினார்கள். கைது செய்த பெண்களைச் சேலம் சிறைக்குக் கொண்டுபோனார்கள், கைக்குழந்தைகளோடு.

இத்தனைக்கும் அன்று யாரும் யாரிடமும் ஒரு தாள் கேட்கவில்லை. இந்த ஊர்க்காரர் என்பதே குற்றத்துக்குப் போதுமான சான்றாக இருந்தது.

அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று அன்றைய அரசு சொன்னது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விஷயத்தை வெளியே கொண்டுவந்தன. அக்கட்சியின் மாநிலச் செயலாளர் நல்லசிவன் உச்ச நீதிமன்றம் வரை போனார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து, நடந்தது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். சிபிஐ விசாரணைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 1995-இல். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29-இல். 269 பேரும் குற்றவாளிகள். அதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். மிச்சம் 215 பேருக்குத் தண்டனை. மேல்முறையீட்டை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்ய இன்னும் பன்னிரண்டு வருஷம். அதுவும் ஒரு செப்டம்பர் 29, 2023-இல். பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று நீதிபதி வேல்முருகன் எழுதினார். தீர்ப்புக்கு முன் அவரே இந்த ஊருக்கு வந்து, நடந்து, பார்த்துவிட்டுப் போனார்.

31 வருஷம். பதின்மூன்று வயதில் கெடுக்கப்பட்ட பிள்ளைக்கு நாற்பத்து நான்கு வயதாகிவிடும். தன் மேல் நடந்ததை வக்கீல் முன்னாலும் நீதிபதி முன்னாலும் வாய் திறந்து, திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லித்தான் அந்த வயதுக்கு வந்திருப்பாள்.

அதனால் பேருந்திலேயே முடிவு செய்துவிட்டேன், இந்த ஊரில் யாரிடமும் அந்த நாளைப் பற்றிக் கேட்கப் போவதில்லை என்று. அவர்கள் சொல்லவேண்டிய இடத்தில் எல்லாம் சொல்லி முடித்துவிட்டார்கள்.

ஆலமரத்தடியில் ஒரு ஆயா உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். அடியில் ஒரு தட்டைக் கல், கையில் ஒரு உருண்டைக் கல். ஓடு நீக்கிய பழத்தைக் கல்லில் வைத்து ஒரு தட்டு, கட்டைவிரலால் ஒரு நெம்பு, கொட்டை தெறித்து விழும். நாரை உருவி ஒரு பக்கம், சதையை ஒரு பக்கம். விரல் நகமெல்லாம் கறுத்திருந்தது. "எந்த ஊரு?" என்றார். நாமக்கல் என்றேன். "கோழிக்காரங்க ஊரு" என்று சிரித்தார். கொட்டை எடுத்த புளிக்கு வியாபாரி என்ன விலை சொல்கிறான், அதில் எடை எப்படிக் குறைகிறது என்பதையெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னார். நானும் ஒரு கல்லை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். என்னுடையதில் கொட்டை உடைந்து சதையோடு ஒட்டிக்கொண்டது. அவர் அதை வாங்கி, ஒன்றும் சொல்லாமல், பிரித்து எடுத்துப் போட்டார்.

கிளம்பும்போது அவரே மரத்தை அண்ணாந்து பார்த்தார். "கேசு நடந்தப்பவும் இங்கதான் கூடுவோம், தீர்ப்பு வந்தப்பவும் இங்கதான்" என்றார். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள், சித்தேரி

மலைமேல் போகிற பேருந்தில் பாதி இடத்தை மூட்டைகள் பிடித்துக்கொண்டன. சித்தேரி வரைக்கும் தார்ச்சாலை இருக்கிறது. அங்கிருந்து பல ஊர்களுக்கு இன்னும் நடைதான். எனக்குத் துணைக்கு வந்தவர் மலைவாழ் மக்கள் சங்கத்துத் தோழர் ஒருவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஆனால் ஏற்றத்தில் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார். அப்புறம் ஒரு பாறையில் உட்கார்ந்து காத்திருப்பார்.

அறுத்த சாமைக் காடு, குச்சிக்கிழங்குக் காடு, நடுவில் பாறை. ஒரு வீட்டில் களியும் கொள்ளுக் குழம்பும் கொடுத்தார்கள். சுவரில் சாத்தியிருந்த நீளமான மூங்கில் கழி என் கண்ணில் பட்டது. இரண்டு முனையும் வழவழவென்று இருந்தன. "தூளி கட்டற கழிங்க" என்றார் வீட்டுக்காரர். உடம்புக்கு முடியாதவரையும் பிரசவத்துக்குப் போகிறவளையும் போர்வையில் தூளியாகக் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தோள் கொடுத்துச் சாலை வரைக்கும் தூக்குவதற்கு. முனை வழவழப்பானது தோளில் தேய்ந்துதான். ஊருக்குப் பொதுக் கழி அது.

இந்த மலை மட்டும் இல்லை. 2023 மே மாதம் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. ஆம்புலன்ஸ் பாதி வழியில் இறக்கிவிட, தாய் பிணத்தை மார்பில் சாய்த்துக்கொண்டு மலையேறினாள். படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். இதே தருமபுரி மாவட்டத்தில் கோட்டூர் மலைக்கு ஓட்டு இயந்திரம் கழுதை முதுகில் ஏறிப் போயிருக்கிறது. ஓட்டு வாங்க மேலே போக வழி கண்டுபிடிக்கிறவர்களுக்கு, நோயாளியைக் கீழே கொண்டுவர வழி தெரியாமலா போகும்?

சாலை ஏன் வரவில்லை என்று கேட்டால் வன நிலம் என்பார்கள். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. சாலை, பள்ளிக்கூடம், மருந்தகம், குடிநீர் என்று 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, கிராம சபை பரிந்துரை செய்தால் கொடுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது என்ற வரம்பும் அதிலேயே உண்டு. பழங்குடிகளுக்கு இழைக்கப்பட்டது 'வரலாற்று அநீதி' என்று முகவுரையில் ஒப்புக்கொண்ட சட்டம் அது. ஆனால் தமிழ்நாட்டில் நீதிமன்ற அனுமதி இல்லாமல் பட்டா கொடுக்கக்கூடாது என்று 2008-இல் ஒரு இடைக்கால உத்தரவு வந்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை நீக்குகிற வரைக்கும் மனுக்கள் கட்டுக் கட்டாகத் தூங்கின.

மலையில் வேலை இல்லை என்றால் இளவட்டங்கள் என்ன செய்வார்கள்? திருப்பூர், கேரளத்து எஸ்டேட், இல்லாவிட்டால் மேஸ்திரி கூப்பிடுகிற இடம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தார்கள் என்று 20 தமிழ்நாட்டுக்காரர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலைப் பக்கத்து ஆட்களோடு இந்தச் சித்தேரி மலைக் கிராமத்து ஆட்களும் அதில் இருந்தார்கள். தோழர் ஒரு சரிவைக் காட்டி, "அந்தப் பக்கத்துல ஒரு ஊர்ல ஒரே சமயத்துல பிணம் பிணமா வந்துச்சு" என்றார். மரத்தை வாங்குகிறவன், விற்கிறவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அன்று சந்தனம், அப்புறம் செம்மரம். பிணமாகிறவன் மட்டும் மாறவில்லை.

இறங்கும்போது கால் நடுங்கியது. எழுதும்போதும் கொஞ்சம்.

நான்காம் நாள், பேருந்திலேயே

அரூர், சேலம், பவானி, அந்தியூர். நாள் முழுக்க ஜன்னல் ஓரம். பெரிதாக எழுத ஒன்றும் இல்லை. பவானியில் ஜமுக்காளம் விற்கிற கடைகளைப் பார்த்தேன், டீ குடித்தேன்.

ஒன்று மட்டும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. மாவட்டம் மாவட்டமாக இனத்தை எழுதிய அந்தப் பட்டியல் கடைசியாகப் பெரிய அளவில் திருத்தப்பட்டது 1976-இல். ஈரோடு மாவட்டம் பிறந்தது 1979-இல். 1976-இல் பர்கூர் மலையும் கடம்பூர் மலையும் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தன. மலையாளிக்கு எதிரே கோயம்புத்தூரின் பெயரை யாரும் எழுதவில்லை. பத்திரத்தில் ஒரு எல்லை விட்டுப்போனால் பிழைத்திருத்தல் பத்திரம் போடுவோம், ஒரே நாளில் முடியும். இங்கே விட்டுப்போன ஒரு பெயரைச் சேர்க்க நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். நரிக்குறவர், குருவிக்காரரைச் சேர்க்க அப்படித்தான் செய்தார்கள், அவர்கள் காத்திருந்து காத்திருந்து 2023-இல்தான் பட்டியலுக்குள் வந்தார்கள்.

ஐந்தாம் நாள், பர்கூர் மலை

வரட்டுப்பள்ளம் அணையைத் தாண்டியதும் மலைச்சாலை ஆரம்பம். ஒரு வளைவில் யானை நின்று போன சாணம் ஈரமாக இருந்தது. தாமரைக்கரையில் இறங்கினேன். கொல்லிமலைப் பெரியவரின் சம்பந்தி பேரன் வண்டியோடு காத்திருந்தான். ஊர்ப் பெயரை எழுதவில்லை, அவன் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

பர்கூர் மாடு கேள்விப்பட்டிருப்பீர்கள். செந்நிறத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு, கூரான கொம்பு. வழியில் ஒரு மந்தை குறுக்கே போனது. "முன்ன நூறு மாடு வெச்சிருந்தவங்க இப்ப பத்துல நிக்கறாங்கண்ணா" என்றான். காட்டில் மேய்க்கத் தடை, சரணாலயத்தில் மேய்க்கத் தடை என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்திருக்கிறது. 2024-இல் இந்தப் பக்கத்துக் காடு தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் ஆனது. சரணாலயமே ஆனாலும் வன உரிமைச் சட்டத்து உரிமைகள் போகாது. ஆனால் அந்த உரிமையைக் கையில் வாங்கியவர்களுக்குத்தானே அது?

அந்தக் கையில் வாங்குகிற இடத்தில்தான் சிக்கல். பக்கத்து ஊரில் சோளகர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பட்டியலில் உண்டு. வன உரிமை கேட்க, 2005 டிசம்பர் 13-க்கு முன்பு இந்த நிலத்தில் இருந்தோம் என்று காட்டினால் அவர்களுக்குப் போதும். இதே மலையின் மலையாளிகள் சட்டத்தின் கண்ணில் பழங்குடி இல்லை, 'மற்ற பாரம்பரிய வனவாசிகள்'. இவர்கள் மூன்று தலைமுறை காட்ட வேண்டும். தலைமுறைக்கு 25 வருஷம், மொத்தம் 75. அதாவது 1930 டிசம்பருக்கு முன்பிருந்தே இந்தக் காட்டில் இருந்ததற்குச் சான்று. வெள்ளைக்காரன் காலத்துத் தாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எங்கே போவது?

இன்னொன்றும் உறுத்தியது. வாச்சாத்தி வழக்கில் 269 பேர் மீதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நின்றது, அந்த மக்கள் பட்டியல் பழங்குடி என்பதால். அதே மக்கள், அதே சாமி, அதே பெயர். ஆனால் இந்த மலையில் இருக்கிறவர்களுக்கு அப்படி ஒன்று நேர்ந்தால் அந்தச் சட்டம் துணைக்கு வராது. வீரப்பன் தேடுதல் நாட்களில் அதிரடிப்படை செய்த கொடுமைகளை விசாரிக்க சதாசிவா குழு போட வேண்டிவந்தது இந்தப் பக்கத்து மலைகளுக்காகத்தான். 'அப்படி ஒன்று நேர்ந்தால்' என்று நான் எழுதுவது வெறும் கற்பனையில் இல்லை.

வீட்டுக்குப் போனோம். பையன் உரச்சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து கயிற்றுக் கட்டிலில் கவிழ்த்தான். "நீங்க பத்திரம் எழுதறவருன்னு தாத்தா சொன்னாருங்கண்ணா. என்ன கொறையுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

என் தொழில் இதுதான். ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையாக வைத்தேன். ரேஷன் கார்டு. ஆதார். பள்ளி மாற்றுச் சான்று, அதில் இனம் என்ற இடத்தில் ஒரு கோடு. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், நல்ல மதிப்பெண். தாத்தா நிலவரி கட்டிய கந்தாய ரசீது, நான்காக மடித்து மடிப்பில் நான்கு துண்டாகிப்போனது. ஒட்டியிருந்த சோற்றுப் பசையைப் பூச்சி அரித்திருந்தது. கொல்லிமலைச் சம்பந்தி வீட்டுப் பழங்குடிச் சான்றின் நகல். கல்யாணப் பத்திரிகைகள் ஏழு, இரண்டு மலைக்கும் நடுவில் பெண் கொடுத்து எடுத்ததற்கு. கடைசியாக, இதற்கு முன் கொடுத்த மனுக்களின் நகல்கள். எண்ணினேன், பதினொன்று.

எதுவும் குறையவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தாள்களை நேராக அடுக்கிக்கொண்டே இருந்தேன். உன்னிடம் எல்லாம் சரியாக இருக்கிறது, குறைவது தில்லியில் இருக்கிற ஒரு வரி என்று கடைசியில் சொல்லிவிட்டேன். அவன் அம்மா, "அதுக்கும் ஒரு மனு குடுத்தா ஆகாதுங்களா?" என்று கேட்டார்.

வன உரிமைக்கு வேறு வழி இருப்பதைச் சொன்னேன். விதி 13-இன்படி, மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வைத்தால் அதுவும் சான்றுதான். பழைய கிணறு, கோயில், இடுகாடு எல்லாமே சான்றுதான். ஒன்றுக்கு மேல் வேண்டும். பக்கத்து வீட்டு ஆத்தாவைக் கூப்பிட்டார்கள். தொண்ணூறு இருக்கும் என்றார்கள், அவருக்கே தெரியவில்லை. தன் மாமியார் இந்த ஊருக்கு வாழ வந்தது எப்போது, எந்தப் பஞ்சத்தில் யார் செத்தது, யாரை எந்த மரத்தடியில் புதைத்தது என்று பெயர் பெயராகச் சொன்னார். நான் எழுத, பையன் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். முழுத்தாளில் ஆறு பக்கம் வந்தது. ஆத்தா கைநாட்டு வைத்தார். மை காய்வதற்குள் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "என் மாமனார் பேர விட்டுட்டனே, அதையும் எழுதிக்க கண்ணு" என்றார்.

ஏழாம் பக்கம் எடுத்தேன்.